சைன் ஆல்ஃபா ஒன்றைத் தாண்டுமா? ஹோலுப் கவிதைகளை முன்வைத்து ஒரு விவாதம்

லேப்மேசை (இழையைத் தொடங்கியவர்)

லேபில் நைட் டூட்டி. ரத்த ட்யூபுகளைச் சுழற்றுகிற சென்ட்ரிஃபியூஜ் நிற்கப் பத்து நிமிஷம் இருக்கிறது, அதற்குள் தட்டிவிடுகிறேன்.

மிரோஸ்லாவ் ஹோலுப் என்று ஒரு செக் கவிஞர். 1923இல் பில்சனில் பிறந்து 1998இல் ப்ராக்கில் இறந்தவர். சோறு போட்ட தொழில் நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சி. நோய் எதிர்ப்புச் செல்களைப் பக்குவப்படுத்துகிற தைமஸ் சுரப்பியும் இல்லாமல் உடம்பில் முடியும் இல்லாமல் பிறக்கிற ஒரு வகை எலியை வைத்துப் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார். கவிதையெல்லாம் மிச்ச நேரத்தில். 1958இல் வந்த முதல் தொகுப்பின் பெயரே கிட்டத்தட்ட 'பகல் டூட்டி'தான். அதைப் பார்த்ததும் ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

அவருடைய 'மந்திரவாதி ஜீத்தோ' இப்படிப் போகும். அரசனைக் குஷிப்படுத்த ஜீத்தோ தண்ணீரை ஒயினாக்குகிறான், தவளையைச் சேவகனாக்குகிறான், எலியிலிருந்து ஒரு மந்திரியையே செய்து காட்டுகிறான். கறுப்பு நட்சத்திரம் வேண்டுமா, இந்தா. உலர்ந்த தண்ணீர் வேண்டுமா, இந்தா. கடைசியில் ஒரு மாணவன் வந்து, சைன் ஆல்ஃபாவை ஒன்றுக்கு மேலே கொண்டுபோக முடியுமா என்கிறான். ஜீத்தோவின் முகம் வெளுத்துவிடுகிறது. மன்னிக்கணும், அது மைனஸ் ஒன்றுக்கும் பிளஸ் ஒன்றுக்கும் நடுவில்தான், நம் கையில் ஒன்றும் இல்லை என்கிறான். அரசவைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிறான். வீடு ஒரு கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ரூம்மேட்டிடம் சொன்னால் 'கணக்கு வாத்தியார் ஜோக்டா இது' என்கிறான். இது கவிதையா, ஜோக்கா? ஆங்கில வழியாகத்தான் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெண்பாப் பித்தன்

ரூம்மேட் சொன்னதுதான் சரி. உரைநடையை வரிவரியாக உடைத்துப் போட்டால் கவிதை என்கிற காலம் இது. அறிவியல் நம்மிடம் இல்லாததா? புறநானூறு முப்பதாம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. சூரியனின் செலவு, அதன் இயக்கம், அது சூழ்ந்த மண்டிலம், காற்று திரிகிற திசை, 'வறிது நிலைஇய காயம்' என்று ஒன்றுமே இல்லாமல் நிற்கிற ஆகாயம் வரை அடுக்கிவிட்டான். இதைவிட்டு செக் நாட்டுக்குப் போய் எலி பிடிக்க வேண்டுமா?

மோர்க்குழம்பு

ஐயா வந்துவிட்டார். இன்னும் அரை மணியில் விமானமும் நம்முடையதுதான்.

ஆறாம் பீரியட்

பித்தன் ஐயா, அந்தப் பாட்டை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 'சென்றளந்து அறிந்தார் போல' என்று வருகிறதே, அந்தப் 'போல'வைப் பாருங்கள். என்னவோ நேரில் போய் டேப் பிடித்து அளந்துவிட்டு வந்த மாதிரி, இவ்வளவுதான் என்று எப்போதும் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறார் சாத்தனார். அவர்களாலும் உன் மன ஆழத்தைச் சொல்ல முடியாது, கவுளுக்குள், அதாவது கன்னத்துக்குள், யானை கல்லை ஒளித்து வைத்திருப்பதுபோல நீ வலிமையை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அரசனிடம் போகிறார். வானியல் பாடம் அல்ல அது. அளப்பவர்களைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கும் ஹோலுபின் சிரிப்புக்கும் உறவு இருக்கிறது, நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறான இடத்தில்.

இனி சைன். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எடுத்தவள் என்பதால் இதை விட மனம் வரவில்லை. செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன். கர்ணத்தைவிட எதிர்ப்பக்கம் நீளமாகாது, ஆகவே ஒன்றைத் தாண்டாது. இது எட்டாக் கனியெல்லாம் இல்லை, சுவரில் சாய்த்த ஏணி. ஏணியின் நீளத்தைவிட உயரத்துக்கு ஏணி எட்டாது.

இதில் தமாஷ் எங்கே என்றால் அந்தச் சொல்லில். வட்டத்தின் அரை நாணை 'அர்த்த ஜ்யா' என்றார் ஆரியபட்டர். ஜ்யா என்றால் வில்லின் நாண். 'ஜீவா' என்றும் வழங்கினார்கள். அரபு அறிஞர்கள் ஒலியை மட்டும் வாங்கி 'ஜிப' என்று எழுதிக்கொண்டார்கள். அரபில் உயிர்க்குறி போடாமல் எழுதுவார்கள் அல்லவா, 12ஆம் நூற்றாண்டில் அதை லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் அந்த இரண்டு மெய்யெழுத்தை 'ஜைப்' என்று படித்துவிட்டார்கள். ஜைப் என்றால் துணி மடிப்பு, சட்டைப் பை. லத்தீனில் மடிப்புக்கு 'சைனஸ்'. ஆக வில்லின் நாண் போய்ச் சட்டைப் பை வந்து நின்றது. நாம் 'ஜேபி' என்கிறோமே, அந்த ஜைப்தான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் 'பாக்கெட் தீட்டா, பாக்கெட் ஆல்ஃபா' என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

லேப்மேசை

டீச்சர், மூக்கில் வருகிற சைனஸும் இதுதானா?

ஆறாம் பீரியட்

அதேதான் தம்பி. மடிப்பு, குழிவு.

கலப்பெண்

டெக்னிக்கலாகச் சொன்னால் ஜீத்தோ அவசரப்பட்டுவிட்டான். ஆல்ஃபா மெய்யெண்ணாக இருந்தால்தான் இந்தக் கட்டுப்பாடு. கற்பனைப் பகுதியும் சேர்ந்த கலப்பெண்ணாக விட்டால் சைன் எந்த மதிப்புக்கும் போகும். பை பை இரண்டோடு (π/2) கற்பனைப் பகுதியாக 1.317 சேர்த்தால் சைன் மதிப்பு 2. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

மோர்க்குழம்பு

'பை பை இரண்டு' என்று படித்ததும் யாரோ டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தம்பி, நீ அந்த அரசவையில் இருந்திருந்தால் ஜீத்தோவுக்கு வேலை போயிருக்காது, கவிதையும் வந்திருக்காது.

கலப்பெண்

சரி, இன்னொன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எனக்கு அவருடைய வரைபடக் கவிதைதான் பிடிக்கும். ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஹங்கேரியப் படைப்பிரிவு. இளம் அதிகாரி ஒருவர் உளவு பார்க்க ஒரு சிறு குழுவைப் பனிக்குள் அனுப்புகிறார். இரண்டு நாள் பனி கொட்டுகிறது, ஆட்கள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் வந்து சேர்கிறார்கள். எப்படி என்றால், ஒருவன் பையில் வரைபடம் கிடைத்ததாம், அதை வைத்து வழி கண்டுபிடித்தார்களாம். அதிகாரி வாங்கிப் பார்த்தால் அது ஆல்ப்ஸ் இல்லை, பிரனீஸ் மலைத்தொடரின் வரைபடம்!

இந்தக் கதையைச் சொன்னவர் ஆல்பர்ட் செண்ட்-ஜியோர்ஜி என்று கவிதையே சொல்கிறது. 1937இல் மருத்துவ நோபல் வாங்கியவர், வைட்டமின் சி ஆராய்ச்சிக்குப் பெயர்போனவர். அவரே பெரிய குறும்பர். பிரித்தெடுத்த பொருள் என்னவென்று தெரியாததால், 'தெரியவில்லை' என்ற அர்த்தம் வருகிற மாதிரி 'இக்னோஸ்' என்று பெயர் வைத்து அனுப்பினார். சர்க்கரைப் பெயர்களுக்கு அந்த 'ஓஸ்' வால் உண்டே, குளுக்கோஸ், சுக்ரோஸ் மாதிரி. இதழாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து 'கடவுளுக்கே வெளிச்சம்' என்கிற தொனியில் 'காட்நோஸ்' என்று அனுப்பினார். அதுவும் போகாமல் கடைசியில் ஹெக்சுரோனிக் அமிலம் என்று அச்சானது.

வெண்பாப் பித்தன்

இந்தக் கதைகள் சுவையாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கதை வேறு, கவிதை வேறு. ஓசை எங்கே? சொல் எங்கே? மொழிபெயர்த்தும் உயிரோடு இருக்கிறது என்றால் சொல்லில் ஏதும் இல்லை என்றுதானே பொருள்?

பரணி வாசகி

ஐயா, அவர் வேண்டுமென்றே அப்படி எழுதினவர். செய்தித்தாள் படிக்கிற மாதிரி, கால்பந்து பார்க்கப் போகிற மாதிரி ஜனங்கள் கவிதை படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஓசைக்குப் பதில் அவர் கையில் இருப்பது பார்வைக்கோணம். அதற்கு 'ஈ' என்ற கவிதையைச் சொல்லியாக வேண்டும்.

1346, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த கிரெசிப் போர். பிரெஞ்சுக் குதிரைப்படை பதினான்காவது தடவையாகப் பாய்கிறது. ஒரு பெண் ஈ மரத்தண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பதினான்காவது பாய்ச்சலின்போது வாதின்கூர் என்ற ஊரிலிருந்து வந்த பழுப்புக்கண் ஆண் ஈயோடு சேர்கிறது. குடல் சரிந்த குதிரை மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டு ஈக்களின் அமரத்துவம் பற்றி யோசிக்கிறது. போர் அடங்கியதும் அரசனின் ஆயுதக் கொல்லர் ஒருவரின் கண்ணில் முட்டையிடத் தொடங்குகிறது. எரிகிற ஊரிலிருந்து தப்பிப் பறந்து வந்த உழவாரன் குருவி ஒன்று அதை விழுங்குகிறது. அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்தது அவர் விட்டுவிட்ட ஆள். கிரெசியில் செக் அரசன் ஒருவனே செத்திருக்கிறான். பொஹீமியாவின் ஜான், பார்வை இழந்தவன். தன் குதிரையை மற்ற வீரர்களின் குதிரைகளோடு பிணைக்கச் சொல்லிப் போருக்குள் போனான் என்று பழைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். செக் கவிஞருக்குக் கையில் கிடைத்த காவிய நாயகன்! ஹோலுப் அவனைத் தொடவே இல்லை. ஒரு கொல்லனையும் ஒரு ஈயையும் எடுத்துக்கொண்டார்.

பித்தன் ஐயாவுக்கு இது அந்நியமாகத் தெரியக் கூடாது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர் முடிந்த களத்தைப் பேய்களிடம்தானே ஒப்படைக்கிறார்? யானைத் தந்தமும் எலும்பும் பாத்திரபண்டம், செத்தவர்களின் பல் அரிசி, கூழ் அடுதல், பந்தி பரிமாறல், எல்லாப் பேய்க்கும் வஞ்சகமில்லாமல் ஊற்றுதல். போரைச் சாப்பிடுகிறவர்களின் கண்ணால் பார்க்கிற வித்தை நம்மிடம் 12ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஒரே வித்தியாசம், நம் பேய்கள் வயிறு நிறைந்ததும் குலோத்துங்கனை வாழ்த்தும். ஹோலுபின் ஈ யாரையும் வாழ்த்தாது.

வெண்பாப் பித்தன்

பரணியைச் சொல்லி என் வாயைக் கட்டிவிட்டீர்கள் அம்மா. கூழ் அடுதல் பகுதியை மாணவப் பருவத்தில் சிரித்துச் சிரித்துப் படித்திருக்கிறேன். இருந்தாலும் தாழிசையின் குதிரைநடை இல்லாமல் அந்தச் சிரிப்பு வராது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மோர்க்குழம்பு

பதிவாயிற்று.

எனக்குப் பீரங்கிக் கவிதை. ஒரு சிப்பாய் தினமும் மாலை சரியாக ஆறு மணிக்குக் குன்றின் மேலிருந்து பீரங்கி வெடிக்க வேண்டும். நேரம் எப்படித் தெரியும் என்று மேலதிகாரி கேட்கிறார். கடைத்தெருவில் கடிகாரக்காரர் ஜன்னலில் இருக்கிற அருமையான கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன் என்கிறான். அந்தக் கடிகாரக்காரரைப் போய்க் கேட்டால், தினமும் ஆறு மணிக்குப் பீரங்கி வெடிக்குமே, அதை வைத்துத்தான் சரிபார்க்கிறேன் என்கிறார்.

எங்கள் ஊரில் இது நிஜமாகவே நடந்திருக்கும் என்று நம்புகிறேன். காலை எட்டு மணிச் சங்குக்கு எங்கள் தாத்தா சுவர்க்கடிகாரத்தைத் திருகி வைப்பார். சங்கு ஊதுகிறவர் எங்கள் தெருவழியாகத்தான் வேலைக்குப் போவார். போகும்போது திண்ணையில் இருக்கிற தாத்தாவிடம் 'மணி என்னங்க?' என்று கேட்டுவிட்டுப் போவார். ஐம்பது வருஷம் எங்கள் தெருவே அந்த நேரத்தில்தான் இட்லி சாப்பிட்டது.

பரணி வாசகி

இப்படி எழுதுவது ஹோலுப் மட்டும் இல்லை. பக்கத்து நாடான போலந்தில் சிம்போர்ஸ்கா இருக்கிறார், 1996 நோபல். 'பை' எண்ணைப் பற்றி அவருடைய கவிதையில் தசம இலக்கங்கள் வரிகளுக்கு நடுவில் ஊர்ந்துகொண்டே போகும், கூடவே டெலிபோன் நம்பர், சட்டை அளவு, ஆறாவது மாடி என்று வாழ்க்கைச் சில்லறைகளும். தமிழில் ஐன்ஸ்டைன் சமன்பாட்டையே தலைப்பாக வைத்து பிரமிள் எழுதினார். ஆனால் அது உக்கிரமான கவிதை, சிரிக்காது. சிரிப்புக்கு ஞானக்கூத்தனிடம் போக வேண்டும், அங்கே அறிவியல் குறைவு. இரண்டும் ஒரே தட்டில் தமிழில் எனக்கு அதிகம் அகப்படவில்லை.

கண்ணாடிச்சில்

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

ஜீத்தோ என்பவன் செக் நாட்டுப் பழங்கதையில் வருகிறவன், நான்காம் வென்செஸ்லாஸ் மன்னனின் அரசவை வித்தைக்காரன். ஹோலுப் அவனை எடுத்துக்கொண்ட காலத்தையும் பாருங்கள். 1948இல் சோவியத் யூனியனில் லைசென்கோ என்ற வேளாண் விஞ்ஞானி கட்சியின் தயவோடு மரபியலையே செல்லாததாக்கிவிட்டார். கோதுமை எப்படி வளர வேண்டும் என்பதும் கட்டளை மூலம் முடிவானது. அந்த அலை செக்கோஸ்லோவாகியாவுக்கும் வந்தது, மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் பட்டாணி வளர்த்த ப்ரனோ இருக்கிற நாட்டுக்கே. அதிகாரம் கேட்டால் எலியை மந்திரியாக்கலாம், உலர்ந்த தண்ணீர்கூடக் கொடுக்கலாம். ஆனால் ஒரு இடத்தில் போய் முட்டும். அந்த முட்டுகிற சத்தம்தான் இந்தக் கவிதையில் சிரிப்பாகக் கேட்கிறது என்பது என் வாசிப்பு. பயந்தவன் ஜீத்தோ மட்டுமல்ல. அங்கே அரசனுக்கு என்ன மரியாதை மிஞ்சியது?

இன்னொரு பக்கமும் உண்டு. 1968இல் சோவியத் டாங்கிகள் ப்ராக்குக்குள் நுழைந்த பிறகு ஹோலுபுக்கு வேலை போயிற்று, எழுபதுகள் முழுக்கச் சொந்த நாட்டில் புத்தகம் போட முடியவில்லை. 1973இல் தன் பழைய அரசியல் நிலைப்பாடு தவறு என்று பொதுவில் எழுதிக் கொடுத்தார். சைன் வளையவில்லை. எழுதியவர் வளைந்தார்.

ஆறாம் பீரியட்

நீங்கள் சொன்னது உண்மைதான், கெடுத்ததாக நான் நினைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத மனிதர். வளைந்தவர் எழுதியதால்தான் ஜீத்தோ வாக்குவாதம் செய்யாமல் மெதுவாக நழுவிப் போகிறானோ என்று இப்போது தோன்றுகிறது. கவிதை முதலில் வந்தது, கையெழுத்துப் பின்னால் வந்தது என்பது தெரிந்தும் தோன்றுகிறது.

லேப்மேசை

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தைரியம் வந்து ஒன்று எழுதியதைப் போடுகிறேன். திட்டுங்கள்.

*பிரபஞ்சத்தின் ரகசியம்*
*ஒரு துளிக் குருதியில் மிதக்கிறது.*
*நுண்ணோக்கியின் ஒற்றைக் கண்ணில்*
*காலம் உறைந்து நிற்க*
*அணுவிலும் அணுவானேன் நான்.*
*பிளேட்லெட் எண்ணிக்கை*
*நாற்பத்திரண்டாயிரம்.*

மோர்க்குழம்பு

முதல் ஐந்து வரி யாருடையது? கடைசி இரண்டு வரி உன்னுடையது.

வெண்பாப் பித்தன்

ஆச்சரியமாக இருக்கிறது, மோர்க்குழம்பு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். 'அணுவிலும் அணு' எல்லோர் வாயிலும் புழங்கிய காசு. நாற்பத்திரண்டாயிரம்தான் புதுசு. அதற்கு ஓசையும் இருக்கிறது, சொல்லிப் பாருங்கள்.

ஆறாம் பீரியட்

சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் தம்பி. பிரபஞ்சம், ரகசியம், காலம், மூன்றையும் அடித்தாயிற்று. அந்த எண் எப்படி வந்தது? யாருடைய ரத்தம்? நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? இதைக் கவிதையாக இல்லாமல் சும்மா சொல்.

லேப்மேசை

சும்மா சொல்கிறேன் டீச்சர். டெங்கு சீசன். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் குறைவு என்று மெஷின் காட்டினால் அப்படியே ரிப்போர்ட் கொடுக்க மாட்டோம். கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு இழுத்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, ஆயில் லென்ஸில் வைத்துக் கையால் எண்ணுவோம். லென்ஸில் ஒரு பார்வைக்குத் தெரிகிற வட்டம்தான் ஒரு ஃபீல்ட்; பத்து ஃபீல்ட் எண்ணிச் சராசரி எடுத்து, எங்கள் லேபில் பதினைந்தாயிரத்தால் பெருக்குவோம். அன்றைக்குப் பத்து ஃபீல்டில் இருபத்தெட்டு. அதாவது 2.8, பெருக்கினால் 42,000.

வெளியே பையனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் பாட்டிலில் பப்பாளி இலைச் சாறு. நேற்றைக்கு ஐம்பத்தைந்தாயிரம் இருந்ததே, சாறும் கொடுத்தேனே என்றார். அப்புறம், 'கொஞ்சம் நல்லா எண்ணிப் பாருங்க தம்பி' என்றார். உள்ளே போய் மறுபடி எண்ணினேன்.

கண்ணாடிச்சில்

தம்பி, நீ ஜீத்தோவை எழுதிவிட்டாய். உனக்கே தெரியவில்லை.

லேப்மேசை

*பத்து ஃபீல்டில் இருபத்தெட்டு.*
*கதவுக்கு வெளியே ஒரு அம்மா,*
*கையில் பப்பாளி இலைச் சாறு.*
*'கொஞ்சம் நல்லா எண்ணுங்க தம்பி.'*
*நல்லா எண்ணினேன்.*
*இருபத்தெட்டு.*

பரணி வாசகி

இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் ஒன்றும் தட்டவில்லை.

வெண்பாப் பித்தன்

'நல்லா' என்ற சொல் இரண்டு தடவை வருகிறது, இரண்டு தடவையும் வேறு பொருள். சொல்லில் ஏதும் இல்லை என்று முன்பு எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஹோலுபுக்கு அல்ல, இந்தப் பையனுக்கு மட்டும்.

ஸ்லைடு பாக்ஸ்

இருபது வருஷமாக இதே வேலை, இழையை இப்போதுதான் பார்த்தேன். கவிதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஊதா மூடி ட்யூப்தானே? ரத்தம் உறையாமல் இருக்க அதில் போட்டிருக்கிற ஈ.டி.டி.ஏ. சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் கூட்டம் கூட்டமாக ஒட்ட வைத்துவிடும். ஒட்டினதெல்லாம் ஸ்மியரின், அதாவது ஸ்லைடில் இழுத்த ரத்தப் பூச்சின், ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நடுவில் மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் வரும். அப்படியானால் நீல மூடி சிட்ரேட் ட்யூபில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், எண்ணிக்கை ஏறலாம். அந்த அம்மா 'நல்லா எண்ணுங்க' என்று சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம் தம்பி. ஓரத்தைப் பார்த்தாயா?

கலப்பெண்

சொன்னேன் இல்லையா, ஆல்ஃபா கலப்பெண்ணாக இருந்தால்!

லேப்மேசை

பார்த்தேன் அக்கா. ஓரம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், கட்டி எதுவும் இல்லை. ஆனால் கவிதையில் அதைச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டது நியாயம். பையன் நாலு நாளில் வீட்டுக்குப் போய்விட்டான், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கவிதைக்குள் வேண்டாம்.

*பத்து ஃபீல்டில் இருபத்தெட்டு.*
*கதவுக்கு வெளியே ஒரு அம்மா,*
*கையில் பப்பாளி இலைச் சாறு.*
*'கொஞ்சம் நல்லா எண்ணுங்க தம்பி.'*
*ஓரம் வரை போய்*
*நல்லா எண்ணினேன்.*
*இருபத்தெட்டு.*

சென்ட்ரிஃபியூஜ் நின்றுவிட்டது. போகிறேன்.